ஜின்–ரொனிக்கும் கொயினாவும்: ஒரு மதுக்கலவையின் சமூக வரலாறு

உணவும் பானமும் பண்பாட்டு ஆய்வின் எல்லைக்குள் அடங்குவன என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயினும் மது பற்றிப் பேசுமிடத்து நம் மத்தியில் எழுவன பெரும்பாலும் இரண்டே குரல்கள். ஒன்று ஒழுக்கவியலாளரின் கண்டனம். மற்றது சுவைஞரின் புகழ்ச்சி. ஒரு பானம் எந்தெந்தப் பொருள்களால் ஆயது, அப்பொருள்கள் எவர் நிலத்தில் எவர் உழைப்பால் விளைந்தன, அவை எவ்வாறு ஒரே கிண்ணத்தில் வந்து கூடின என்ற வினாக்களை இவ்விரு குரல்களும் எழுப்புவதில்லை. அவ்வினாக்களை ஜின்–ரொனிக் என்னும் மதுக்கலவை தொடர்பாக எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பானத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணமுண்டு. இந்தியாவிலிருந்த பிரித்தானிய அதிகாரிகள் மலேரியாக் காய்ச்சலினின்றும் தம்மைக் காத்துக்கொள்ளக் கொயினாவை அருந்தினர் என்றும், அதன் கசப்பைத் தாங்கமாட்டாது ஜின்னைக் கலந்தனர் என்றும், அவ்வாறே இப்பானம் பிறந்தது என்றும் ஒரு கதை பரவலாக வழங்குகின்றது. ஆங்கிலேயரின் உயிரை வைத்தியர்களைக் காட்டிலும் இப்பானமே காத்தது எனப் பொருள்படும் கூற்றும் உண்டு. குடியேற்ற ஆட்சியை மருந்தும் மகிழ்ச்சியும் கலந்த இனியதோர் நினைவாக மாற்றித் தருவது இக்கதை. இதில் உண்மை எவ்வளவு, இக்கதை எதனை மறைக்கின்றது என்பவற்றை நாம் நோக்குவோம்.

கலவையின் கூறுகள்

கொக்ரெயில் எனப்படும் மதுக்கலவைகளுள் இதனினும் எளியது அரிது. உயரமான கண்ணாடிக் குவளையொன்றைப் பனிக்கட்டியால் நிரப்பி, ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் ஜின்னை ஊற்றி, அதன்மேல் அதனைப்போல் இரு மடங்கு அல்லது மும்மடங்கு ரொனிக் நீரைச் சேர்ப்பர். தேசிக்காய்த் துண்டொன்று பிழிந்து இடப்படும். குலுக்கலோ வடித்தலோ வேண்டியதில்லை. வாயு வெளியேறிவிடாதிருக்க ஒருமுறை மெல்லக் கலக்கினாற் போதும்.

ஜின் என்பது தானியத்திலிருந்து வடிக்கப்பட்ட, தனக்கெனச் சுவை அதிகமில்லாத அற்ககோலுக்கு ஜூனிப்பர் என்னும் ஊசியிலைத் தாவரத்தின் காய்களால் மணமூட்டிப் பெறப்படுவது. கொத்தமல்லி விதை, அஞ்செலிக்கா வேர், தோடை, எலுமிச்சை ஆகியவற்றின் தோல் என்பனவும் உடன் சேர்க்கப்படுவதுண்டு. ரொனிக் நீர் என்பது காபனீரொட்சைட்டு வாயு ஏற்றிய நீரிற் கொயினாவும் சீனியும் புளிப்பும் சேர்ந்தது. சீனியின் பணி கசப்பை அகற்றுவதன்று, அதனை அருந்தத்தக்கதாக்குவதே. ஜின்னின் மணமும் கொயினாவின் கசப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதிலேயே இப்பானத்தின் சுவை தங்கியுள்ளது. பட்டியல் சிறிது. ஆனால் இச்சிறு பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு நீண்ட பயணம் உண்டு.

ஏழையின் மதுவாயிருந்த ஜின்

ஜின் என்னும் சொல்லே ஜூனிப்பரைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லாகிய ‘யெனேவர்’ என்பதன் குறுக்கமாகும். லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சில்வியசு இதனைக் கண்டுபிடித்தார் எனப் பல நூல்கள் கூறும். ஆனால் அவர் பிறந்த 1614ஆம் ஆண்டுக்கு முன்னரே ஜூனிப்பர் சேர்ந்த வடிமதுக்கள் ஒல்லாந்தப் பகுதிகளில் வழங்கின. தனியொருவரைக் கண்டுபிடிப்பாளராக்கும் வழக்கம் வரலாற்றில் அடிக்கடி காணப்படுவதே.

1689இல் ஒல்லாந்தரான மூன்றாம் வில்லியம் இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டிலே உள்நாட்டுத் தானியத்திலிருந்து மது வடித்தலை ஊக்குவிக்கும் சட்டம் நிறைவேறிற்று. பிரான்சுடன் நிகழ்ந்த போரினால் பிரெஞ்சு பிரண்டி தடுக்கப்பட்டிருந்தது ஒரு காரணம். மிகையாக விளைந்த தானியத்துக்குச் சந்தை வேண்டிநின்ற நிலவுடைமையாளரின் நலன் மற்றொரு காரணம். இதன் விளைவு இலண்டனின் வறிய பகுதிகளிலே தெரிந்தது. கிராமங்களினின்றும் நகர் வந்து, நெரிசல் மிகுந்த குடியிருப்புகளில் உழன்ற மக்களுக்கு மலிவாகக் கிடைத்த மறதி ஜின்னே. 1736ஆம் ஆண்டுச் சட்டம் சில்லறை விற்பனைக்கு 50 பவுண் அனுமதிக் கட்டணமும், கலனுக்கு 20 சிலிங் வரியும் விதித்தது. சட்டத்தை மக்கள் எதிர்த்தனர்; விற்பனை மறைவிடங்களுக்குச் சென்றது. 1751ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நிலை தணியலாயிற்று. அதே ஆண்டில் ஓவியர் ஹோகார்த் வெளியிட்ட ‘ஜின் ஒழுங்கை’ என்னும் செதுக்கோவியம் அக்காலத்தின் ஆவணமாக நிலைத்துவிட்டது. ஆயினும் அது குடித்தவரைக் காட்டிய அளவுக்கு, குடிக்க வைத்த தானியச் சந்தையைக் காட்டவில்லை.

1830இல் ஈனியஸ் கொஃபி என்பவர் தொடர் வடிகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். மாசு குறைந்த தூய அற்ககோலைப் பெருமளவில் வடிக்க அது வழிசெய்தது. கரடுமுரடான சுவையை மறைக்க முன்னர் வேண்டியிருந்த இனிப்பு இனி வேண்டியதில்லையாயிற்று. இலண்டன் உலர் ஜின் என்னும் வகை இவ்வாறு உருவாகி, இழிந்தோர் மதுவென எள்ளப்பட்ட பொருள் படிப்படியாகக் கனவான்களின் மேசைக்கு ஏறியது. அவர்களோடு அது குடியேற்ற நாடுகளின் கழகங்களுக்கும் சென்றது.

மரப்பட்டையும் பேரரசும்

கொயினாவின் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடர். அம்மலைகளின் கிழக்குச் சரிவுகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து அது பெறப்படுகின்றது. பெரு நாட்டு ஸ்பானிய ஆளுநரின் மனைவியாகிய சிஞ்சோன் கோமகள் இப்பட்டையாற் குணமடைந்தார் என்றும், அவரே இதனை ஐரோப்பாவுக்கு அறிமுகஞ் செய்தார் என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1742இல் லின்னேயசு மரத்துக்குச் சிங்கோனா எனப் பெயரிட்டதும் இந்நம்பிக்கையாலேயே. அக்கதைக்கு ஆதாரமில்லையென்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் பட்டையை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றோருள் இயேசு சபைத் துறவிகள் முதன்மையானவர்கள். அதனாலேயே புரட்டஸ்தாந்த நாடுகளில் ‘இயேசு சபையினரின் தூள்’ ஐயத்துடன் நோக்கப்பட்டது.

1820இல் பரிசில் பெல்த்தியே, காவெந்து என்னும் இரு இரசாயனவியலாளர் பட்டையினின்றும் கொயினாவைப் பிரித்தெடுத்தனர். பட்டையின் தரம் மரத்துக்கு மரம் வேறுபட்டது. தூய கொயினாவையோ அளந்து கொடுக்கலாம். இவ்வேறுபாடு வைத்தியத்தை மட்டுமன்றி அரசியலையும் மாற்றியது. 1841இல் நைகர் ஆற்றில் ஏறிச்சென்ற பிரித்தானியப் பயணக்குழுவின் ஐரோப்பியருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலே. 1854இல் பெய்க்கியின் தலைமையில் அதே ஆற்றிற் சென்ற குழுவினர் நாள்தோறும் கொயினா உட்கொண்டனர். அவர்களுள் ஒருவரும் காய்ச்சலால் இறக்கவில்லை. ஆபிரிக்காவின் உட்பகுதியை ஐரோப்பிய வல்லரசுகள் பங்கிட்டுக்கொள்ள இம்மருந்து எத்துணை உதவிற்று என்பதை இவ்விரு பயணங்களின் ஒப்பீடே உணர்த்தும்.

இத்தகைய பொருளுக்குத் தென் அமெரிக்கக் குடியரசுகளை நம்பியிருக்கப் பேரரசுகள் விரும்பவில்லை. 1860இல் கிளெமென்ற்ஸ் மார்க்கம் தலைமையிலான முயற்சியாற் செடிகளும் விதைகளும் திரட்டப்பட்டன. இக்குவடோரில் ரிச்சட் ஸ்புரூஸ் திரட்டிய சிவப்புப் பட்டை இனம் நீலகிரி மலையில் உதகமண்டலத்தை அடுத்து வேரூன்றியது. ஆனால் அவ்வினத்திற் கொயினாவின் அளவு குறைவு. உயர்ந்த இனத்தைத் தேடித் தந்தவர் மனுவேல் இன்கிரா மமானி என்னும் பொலிவியப் பழங்குடியினர். சாள்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகரிடம் வேலைபார்த்த அவர் திரட்டிய விதைகள் 1865இல் இலண்டனை அடைந்தன. பிரித்தானிய அரசு அவற்றை வாங்கவில்லை. ஒல்லாந்த அரசு ஓர் இறாத்தலளவு விதையைச் சிறுதொகைக்கு வாங்கி யாவாத் தீவில் நட்டது. அம்மரங்களின் பட்டையில் நூற்றுக்கு 10 வீதத்துக்கும் மேற்பட்ட கொயினா காணப்பட்டது. 1930களில் உலகக் கொயினாவில் நூற்றுக்கு 90 வீதத்துக்கு மேல் யாவாவினின்றே வந்தது. விலையையும் விளைச்சலையும் அம்ஸ்ரடாமிலிருந்த கொயினாப் பணியகம் கட்டுப்படுத்தியது.

மமானியோ மீண்டும் விதை திரட்டச் சென்றபோது அதிகாரிகளாற் பிடிக்கப்பட்டு, அடியுண்டு, அதன் விளைவாக உயிர்நீத்தார். மரத்தின் பொதுப்பெயர் கோமகளை நினைவூட்டுகின்றது. உயர்ந்த இனத்தின் பெயர் லெட்ஜரை நினைவூட்டுகின்றது. மரத்தைக் கண்டறிந்தவருக்கு அப்பெயர்களில் இடமில்லை.

மருந்தா, பானமா?

இனி நாம் தொடக்கத்திற் குறித்த கதைக்கு வருவோம். பிரித்தானியப் படையினரும் கடற்படையினரும் கொயினாவை உட்கொண்டனர் என்பதிலும், அதனைச் சாராயத்திலோ திராட்சை மதுவிலோ கரைத்துக் குடித்தனர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அது மருந்தளவாகக் கொடுக்கப்பட்ட கசப்பு. ரொனிக் நீர் வேறு. 1858இல் இலண்டனைச் சேர்ந்த இராஸ்மஸ் பொண்ட் என்பவர் வாயு ஏற்றிய ரொனிக் பானமொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது செரிமானத்துக்கும் உடல் உரத்துக்கும் உகந்த பானமாகவே முன்வைக்கப்பட்டது. 1870களில் சுவெப்ஸ் நிறுவனமும் கொயினா சேர்ந்த ரொனிக்கை விற்கலாயிற்று.

ஜின்னும் ரொனிக்கும் இணைத்துப் பேசப்படும் மிகப் பழைய அச்சுச் சான்றாக இதுவரை காட்டப்படுவது 1868ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது வைத்திய ஏடு அன்று. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்கான விளையாட்டுச் சஞ்சிகை. குதிரைப் பந்தயம் முடிந்த களிப்பிற் கூட்டத்தினர் கேட்டுக் கூவிய பானங்களுள் ஒன்றாகவே அங்கு அது இடம்பெறுகின்றது. இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவைச் சார்ந்த கிம் வாக்கர், மார்க் நெஸ்பிற் என்னும் ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட நூலில், இப்பானம் மலேரியாத் தடுப்பு மருந்தாகத் தோன்றியதென்பதற்குச் சான்றில்லையென நிறுவியுள்ளனர்.

கணக்கும் இதனையே கூறும். ஐக்கிய அமெரிக்காவின் விதிகளின்படி ரொனிக் நீரில் லீற்றருக்கு 83 மில்லிகிராமுக்கு மேற் கொயினா இருத்தலாகாது. 150 மில்லிலீற்றர் ரொனிக் சேர்ந்த ஒரு குவளையில் ஆகக்கூடியது ஏறத்தாழ 12 மில்லிகிராமே. மலேரியா கண்ட வளர்ந்தோருக்குக் கொயினா கொடுக்கப்படுமிடத்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிகிராம் வேண்டும். 20 லீற்றருக்கு மேல் ரொனிக் அருந்தினாலன்றி அவ்வளவு கிடையாது. அக்கால ரொனிக்கில் இதைப்போற் பல மடங்கு இருந்ததெனக் கொண்டாலும் மாலைநேரத்து ஓரிரு குவளை காய்ச்சலைத் தடுத்திராது.

பனிக்கட்டியும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1833இல் அமெரிக்க வணிகர் பிரெடெரிக் ரியூடரின் கப்பல் நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டடம் அப்பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்ததே. பாதி உலகத்தைச் சுற்றிவந்த பனிக்கட்டியைக் குவளையிலிடும் வசதி நோய்க்கஞ்சிய ஏழைச் சிப்பாயினதன்று, ஆளும் வர்க்கத்தினது. எனவே ஜின்–ரொனிக்கை மருந்தாகப் பிறந்து பானமாக வளர்ந்ததெனக் கொள்வதிலும், மருந்தின் புகழைத் தனதாக்கிக்கொண்ட பானமெனக் கொள்வதே பொருந்தும்.

இலங்கையிற் சிங்கோனா

இம்மரப்பட்டையின் வரலாற்றில் நமது நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நுவரெலியாவை அடுத்த ஹக்கலைத் தாவரவியற் பூங்கா 1861இல் நிறுவப்பட்டதே சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்கத்தான். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் தோட்டத்துரைமாருக்குக் கன்றுகளை வழங்க முன்வந்தபோது கோப்பியின் ஆதாயத்தில் மூழ்கியிருந்த அவர்கள் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1869இற் கோப்பி இலைநோய் தோன்றியது. அது பரவிக் கோப்பியை அழிக்கலானபின் மாற்றுப்பயிர் தேடி ஓடியவர்கள் சிங்கோனாவைப் பற்றிக்கொண்டனர். 1880களின் நடுப்பகுதியில் இலங்கையின் பட்டை ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தலை எட்டியது. அவ்வளவு பட்டை சந்தையிற் குவிந்ததே விலையை வீழ்த்தியது. யாவாவின் உயர்ந்த பட்டை எஞ்சியிருந்த இலாபத்தையும் பறித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பிக்குக் காடு வெட்டி, சிங்கோனாவுக்குப் பட்டை உரித்து, தேயிலைக்குக் கொழுந்து கிள்ளியவர்கள் தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் மக்களுமே. பயிர்கள் மாறின, உழைப்பின் நிலை மாறவில்லை.

இங்கு ஏற்றுமதியானது பட்டை. மருந்து பிற நாட்டு ஆலைகளில் உருவாயிற்று. ஒரு காலத்தில் உலகச் சந்தையையே நிரப்பிய நாட்டில் அம்மருந்து எப்பொருளுடையதாயிருந்தது என்பதை 1934–35இன் கொள்ளைநோய் காட்டிற்று. 1934இற் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்தின் ஆறுகள் வற்றித் தேங்கிய குட்டைகளாயின. அவற்றில் நுளம்புகள் பெருகின. காய்ச்சலுக்குப் பழக்கப்படாதிருந்த கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் கிராமங்களில் மலேரியா பரவியது. நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். குழந்தைகளும், பயிரழிந்து பட்டினியால் வாடியிருந்த விவசாயிகளுமே பெருமளவில் இறந்தனர்.

பொப்பி மலருக்கு எதிராகப் பூவரசம்பூ விற்ற சூரியமல் இயக்கத்தின் இளைஞர் அக்கிராமங்களுக்குச் சென்றனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன ஆகியோர் அப்பணியில் ஈடுபட்டோருட் சிலர். அங்கு அவர்கள் கண்டது மருந்தின் பற்றாக்குறையை மட்டுமன்று. வெறும் வயிற்றுக்குக் கொயினா போதாதென்பதையுமே. பருப்பும், உருண்டையாக்கிய மார்மைற்றும் கொயினாவுடன் சேர்த்து வழங்கப்பட்டன. பெரேராவைக் கிராமத்தவர் ‘பருப்பு மாத்தயா’ என அழைத்தது அதனாலேயே. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் ருவன்வெல்லையும் அவிசாவளையும் முறையே பெரேராவையும் குணவர்த்தனவையும் தெரிவுசெய்தன. காய்ச்சற்காலத்து அனுபவம் அவ்வெற்றிகளுக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்றென்பதில் ஐயமில்லை.

பின்னர் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். 1942இல் யாவா யப்பானியரிடம் வீழ்ந்தபோது நேச நாடுகள் கொயினாவை இழந்தன. குளோரோகுயின் முதலிய செயற்கை மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. இலங்கையில் 1940களின் நடுப்பகுதியில் டீ.டீ.ரீ. தெளித்தல் தொடங்கியது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது; கண்காணிப்புத் தளர்ந்த சில ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் பெருகியது. இறுதியில் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுறுதிப்படுத்தியது. கிராமந்தோறும் குருதி சோதித்து, கட்டணமின்றி மருந்து வழங்கிய பொதுச் சுகாதார சேவையின் வெற்றி அது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு கருத்துகள் பெறப்படும். முதலாவது, ஜின்–ரொனிக்கின் புகழ்பெற்ற தோற்றக் கதை வரலாற்றுச் சான்றுக்கும் மருந்தளவுக் கணக்கிற்கும் முன் நிற்கவில்லை. இரண்டாவது, அக்கதை பிழையானது மட்டுமன்று, வசதியானதும் ஆகும். கொயினாவின் வரலாற்றை மாலைநேர மேசையொன்றில் அமர்ந்திருக்கும் அதிகாரியின் வரலாறாக அது சுருக்கிவிடுகின்றது. அந்தீசுச் சரிவில் விதை திரட்டியவரும், மலைநாட்டிற் பட்டை உரித்தவரும், கேகாலைக் குடிசையில் மருந்துக்குக் காத்துக் கிடந்தவரும் அம்மேசைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

மருந்து ஒன்று உலகில் இருத்தல் வேறு. அது வேண்டுவோர் கைக்குக் கிட்டுதல் வேறு. 1820இற் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து, நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும், அம்மரத்தை வளர்த்த நாட்டின் ஏழை விவசாயிக்கு உரிய அளவிலும் உரிய உணவோடும் கிட்டவில்லை. இவ்விடைவெளியை விஞ்ஞானம் தானாக நிரப்புவதில்லை. சமூக அமைப்பே நிரப்பவோ விரிக்கவோ செய்கின்றது. அன்றாட நுகர்பொருள்களை இக்கண்கொண்டு ஆராயும் பணி தமிழில் இன்னும் விரிவாக நிகழவேண்டியுள்ளது. தேயிலை, சீனி, சாராயம் ஆகிய மூன்றும் நம் கண்முன் உள்ளன. அவற்றிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.